சாஃப்ட்வேருக்கு கோர்ட் தெரியும், மெட்டுத் தெரியாது

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தேவாலயக் கொயரில் கீபோர்ட் வாசிக்கிறீர்கள், வார இறுதிகளில் கல்யாண ஹோல்களில் ஒரு பேண்டுடன் போகிறீர்கள். கோர்ட்களை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளின் பெயர்களை, டைப் செய்து கொடுத்தால் பேஸ் (அடியில் நடக்கும் தாழ்ந்த சுரவரிசை), டிரம்ஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றையும் தானே வாசித்துத் தரும் சாஃப்ட்வேரை வைத்து இரண்டு சொந்தப் பாட்டுச் செய்தீர்கள். கேட்ட நண்பர், "நல்லாத்தான் இருக்கு, ஆனா கரோக்கே மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். இனியும் சாஃப்ட்வேரையே நம்பலாமா, அல்லது ஒவ்வொரு வாத்தியமும் வாசிக்க வேண்டிய பார்ட்களை நீங்களே போடப் பழக வேண்டுமா? பழகுவதென்றால் தியரி வகுப்புக்குப் போக நேரமில்லையே, அதற்கு என்ன செய்வது? கூடிய விலைப் பதிப்பை வாங்கினால் இந்தக் குறை தீர்ந்துவிடுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேஸ் பார்ட்டை மட்டும் நீங்களே போடப் பழகுங்கள். மற்றதெல்லாம் இப்போதைக்கு சாஃப்ட்வேரிடமே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பழகப் போனால் ஒரு மாதத்தில் வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். பேஸ் ஒன்று கைக்கு வந்தால் ஸ்ட்ரிங்ஸும் கிட்டாரும் எங்கே பிழைக்கின்றன என்பது தானாகவே காதில் விழத் தொடங்கும்.

உங்கள் நண்பர் சொன்னது நியாயமான பேச்சு. ஆனால் அதற்குக் காரணம் சத்தத்தின் தரம் இல்லை. இந்த வகை சாஃப்ட்வேர்களில் பெயர்பெற்ற பேண்ட்-இன்-எ-பாக்ஸ் 1990இல் கனடாவில் இருந்து வந்தது. அப்போது அது வெறும் மிடி, அதாவது சுரக் கட்டளைகளை வைத்து இயந்திரம் ஒலிப்பது. பொம்மைக் கருவி போலத்தான் ஒலிக்கும். இன்றைக்கு அதே சாஃப்ட்வேரில் ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் உண்மையிலேயே வாசித்த ஒலிப்பதிவுகளைத் துண்டு துண்டாக எடுத்து உங்கள் கோர்ட்டுக்கு ஏற்றபடி ஒட்டித் தருகிறார்கள். பேஸ் வாசித்தவர் உங்களையும் என்னையும் விட எத்தனையோ மடங்கு கெட்டிக்காரர். குறை அவருடைய கையில் இல்லை. அவர் உங்கள் மெட்டைக் கேட்காமல் வாசித்திருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் கொடுத்தது கோர்ட்டின் பெயர், வேகம், ஸ்டைல். பாடகர் எந்தச் சுரத்தில் நிற்கிறார், எங்கே மூச்செடுக்கிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதே இல்லை. கரோக்கே ட்ராக்கும் அப்படித்தான், யார் வந்து பாடினாலும் அதற்கு ஒன்றுதான்.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சி மேஜரில், அதாவது சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்ற சுரங்களில், ஒரு பல்லவி என்று வையுங்கள். நாலு பார் (தாளச் சுற்று), கோர்ட்கள் சி, ஏ மைனர், எஃப், ஜி. நாம் எல்லோரும் தூக்கத்திலும் வாசிக்கும் வரிசைதான். முதல் பாரில் மெட்டு 'இ'யில் கொஞ்சம் நின்று, 'டி' வழியாக இறங்கி, இரண்டாவது பார் தொடங்கும்போது 'சி'யில் வந்து உட்காருகிறது. நாலாவது பாரில் 'ஜி'யில் நீட்டி நின்று, பாதியில் பாடகர் மூச்செடுக்கிறார்.

சாஃப்ட்வேர் இதற்கு என்ன செய்யும்? முதல் பாரில் சி-ஜி, இரண்டாவதில் ஏ-இ, மூன்றாவதில் எஃப்-சி, நாலாவதில் ஜி-டி. எதுவும் பிழையில்லை. எதிலும் உயிரும் இல்லை.

இப்போது நீங்கள் மெட்டைப் பாடிக்கொண்டே பேஸை இப்படி வாசித்துப் பாருங்கள். முதல் பாரில் 'சி'யில் நின்று, பாடகர் 'டி'க்கு இறங்கும்போது நீங்களும் 'பி'க்கு இறங்குங்கள். அவர் 'சி'யைத் தொடும்போது நீங்கள் 'ஏ'யைத் தொடுங்கள். மேலே இ, டி, சி. கீழே சி, பி, ஏ. குரலும் பேஸும் ஒரே இடைவெளியில் கைபிடித்துக்கொண்டு இறங்குவது நன்றாகவே கேட்கும். பிறகு இரண்டாவது பாரின் பாதியில் 'ஜி'யைத் தொட்டு மூன்றாவது பாரில் 'எஃப்'இல் வந்து நில்லுங்கள். நாலாவது பாரில் பாடகர் நீட்டும்வரை நீங்களும் 'ஜி'யிலேயே நில்லுங்கள். ஓடவே கூடாது. அவர் மூச்செடுக்கும் அந்த இரண்டு அடியில் மட்டும் ஏ, பி என்று ஏறி, அடுத்த சுற்றின் 'சி'யில் அவரைக் கொண்டுபோய் விடுங்கள்.

கோர்ட் ஒன்றைக்கூட மாற்றவில்லை, ஆனால் பாட்டு மாறிவிட்டது. இதற்கு எத்தனை தியரி தேவைப்பட்டது? ஒவ்வொரு கோர்ட்டிலும் என்னென்ன சுரம் இருக்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கோர்ட்டின் அடிச்சுரம்தான் எப்போதும் பேஸில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை என்பது ஒன்று. பாய்வதைவிடப் பக்கத்துச் சுரத்துக்கு நகர்வது காதுக்கு இதம் என்பது இன்னொன்று. குரல் நகரும்போது நிற்கலாம், குரல் நிற்கும்போது நகரலாம் என்பது மூன்றாவது. முதல் பாரில் இந்த மூன்றாவதை நாமே மீறினோம், வேண்டுமென்று மீறினோம். தெரிந்துகொண்டு மீறுவதில் பிழையில்லை.

கொழும்பில் ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி இசைப் பரீட்சை எழுதாத வீடு குறைவு. தியரியில் உயர்ந்த புள்ளி வாங்கிய பிள்ளையிடம் நாலு வரிப் பாட்டுக்கு பேஸ் போடச் சொன்னால் பேப்பரைத் தேடும். அதனால் தியரி வகுப்புக்கு நேரமில்லை என்று வருந்த வேண்டாம். தியரி கூடாது என்று சொல்ல வரவில்லை. அது கேட்டதற்குப் பெயர் வைக்கும். முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது டிரம்ஸ். இதில் சாஃப்ட்வேரின் பழக்கம் ஒன்று நம் பாட்டுகளோடு நேராக மோதும். நாலு பாருக்கோ எட்டு பாருக்கோ ஒருதரம் ஒரு ஃபில் (டிரம் உருட்டல்), அடுத்த பாரின் முதலடியில் ஒரு க்ராஷ் (பெரிய சிம்பல் அடி). மேலைநாட்டுப் பாப் பாட்டுக்கு இது பொருந்தும். நம் மெட்டுகள் பல முதலடியில் தொடங்குவதில்லை. தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தைக் கர்நாடக சங்கீதத்தில் எடுப்பு என்பார்கள். தாளம் தொடங்கிய பிறகு பாட்டு வந்தால் அனாகதம், தாளத்துக்கு முந்தியே வந்துவிட்டால் அதீதம். அதீத எடுப்பில் அனுபல்லவி தொடங்கும் இடத்தில்தான் சாஃப்ட்வேர் ஃபில்லை உருட்டிக்கொண்டிருக்கும், பாடகரின் முதல் சொல் டொம்டொம்முக்குள் மூழ்கிவிடும். அனாகதத்தில் க்ராஷ் விழும் இடத்தில் குரலே இருக்காது. இதற்கு நீங்கள் டிரம்ஸ் எழுதப் பழக வேண்டியதில்லை. அந்த ஃபில்லை வெட்டி எறிந்தால் போதும். வெறும் இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

நம் ஊர் ஆட்டப் பாட்டான பைலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், கல்யாண ஹோலில் கடைசி ஒரு மணித்தியாலம் அதுதானே. 6/8 (பாருக்கு ஆறு அடி) என்று போட்டு வெளிநாட்டு சாஃப்ட்வேரில் தேடினால் மெதுவான காதல் பாட்டு ஸ்டைலோ, அயர்லாந்துக்காரர் ஆடும் ஜிக்கோ வரும். எண்ணிக்கை சரி, ஆனால் யாரும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள். பைலா போர்த்துக்கேயரிடமிருந்தும் ஆபிரிக்க வழிவந்த காஃபிர் மக்களிடமிருந்தும் சேர்ந்து வந்த தாளம். 1940களில் பாடகர் வாலி பஸ்தியான் அதைக் கொழும்பு மேடைகளுக்கு ஏற்றினார். அதில் ஆறு அடியை ஒரு வாத்தியம் இரண்டு மூன்றாகவும் இன்னொன்று மூன்று இரண்டாகவும் எண்ணும். ஆட்டம் அந்த இழுபறியில்தான் இருக்கிறது. இதை சாஃப்ட்வேர் செய்தவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் ஊர் கீபோர்ட்காரர்களிடையே கைமாறித் திரியும் நல்ல பைலா ஸ்டைல்களை யார் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொங்கா மேளம் எங்கே விழும், பேஸ் எந்த அடியைத் தள்ளும் என்று தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு பார்ட்டாக உட்கார்ந்து போட்டவை அவை. தானியங்கி ஸ்டைல் என்பதே இன்னொருவர் கையால் போட்ட பார்ட்தான். நாம் ஸ்டைல் என்று பெயர் வைத்து பட்டனை அழுத்துகிறோம்.

உங்கள் இரண்டாவது பாட்டு மாயாமாளவகௌளை ராகத்தில் என்று எழுதியிருந்தீர்கள். இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் கோர்ட் யோசனை சொல்லும் சாஃப்ட்வேர்கள் மிக மோசமாகக் காலைவாரும் இடம் இதுதான். 'சி'யை ஸட்ஜமாக வைத்தால் உங்களிடம் இருக்கும் சுரங்கள் சி, டி ஃப்ளாட், இ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி (ஃப்ளாட் என்றால் அரைப்படி கீழே). சரளிவரிசை படித்த எல்லோருக்கும் மனப்பாடம். சாஃப்ட்வேருக்கு இதைக் கொடுத்தால், 'இ'யும் 'பி'யும் இருப்பதைப் பார்த்து சி மேஜர் என்று முடிவு கட்டும். பிறகு வரி முடியும் இடத்தில் வழக்கம்போல ஜி மேஜரைக் கொண்டுவந்து வைக்கும். ஜி மேஜருக்குள் ஃப்ளாட் இல்லாத 'டி' இருக்கிறது. பாடகரோ 'டி ஃப்ளாட்'டில் நிற்கிறார். ராகத்தின் அடையாளமே அந்த 'டி ஃப்ளாட்', அதாவது சுத்த ரிஷபம்தான். அதன் தலையிலேயே சதுஸ்ருதி ரிஷபமான 'டி'யை வைத்து அடிக்கிறது சாஃப்ட்வேர். பாடகர் சுருதி விலகிவிட்டார் என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைப்பார்கள். விலகியது அவரில்லை.

ராகத்துக்குள்ளேயே என்ன கோர்ட் கிடைக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சி மேஜர் இருக்கிறது, டி ஃப்ளாட் மேஜர் இருக்கிறது, இ மைனர் இருக்கிறது, எஃப் மைனர் இருக்கிறது. ஜி மேஜர் இல்லை. அப்படியென்றால் வரியை எப்படி முடிப்பது? டி ஃப்ளாட் மேஜரோடு 'பி'யைச் சேர்த்துப் பாருங்கள்: டி ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட், பி. நாலும் ராகத்துக்குள் இருக்கின்றன. காதுக்கு இது டி ஃப்ளாட் செவன்த். ஜி செவன்த் கோர்ட்டுக்கு 'வீட்டுக்குப் போ' என்ற இழுப்பைக் கொடுப்பது அதற்குள் இருக்கும் எஃப்-பி ஜோடிதான். அதே ஜோடி இங்கேயும் இருக்கிறது. ஜாஸ்காரர்கள் ஜி செவன்த்துக்குப் பதிலாக இதை வைப்பது பழைய வழக்கம். பேஸ் 'டி ஃப்ளாட்'டிலிருந்து 'சி'க்கு ஒரு அரைப்படி இறங்கும்போது, ரிஷபம் ஸட்ஜத்தில் விழும் அதே ராக அசைவு கீழேயும் கேட்கும். இதை எந்தச் சாஃப்ட்வேரும் உங்களுக்காக யோசித்துக் கொடுக்காது. கொடுத்தாலும் இது ஏன் நல்லது என்று அதற்குத் தெரியாது. இன்றைக்கே கீபோர்டில் வைத்துப் பாருங்கள். தேவையில்லாத இடங்களில் கோர்ட்டே வைக்காமல் வெறும் சி-ஜி சுருதியோடு விட்டுவிடவும் தயங்க வேண்டாம்.

ஸ்ட்ரிங்ஸ் பற்றிச் சுருக்கமாக. நாளைக்கு ஒரு வயலின்காரரைக் கூப்பிட்டு சாஃப்ட்வேர் பார்ட்டை நீட்டினால் அவர் முதலில் கேட்பது, "இது என்ன வாத்தியத்துக்கு எழுதினது?" வயலினின் அடிச்சுரம் நடு 'சி'க்குக் கீழேயுள்ள 'ஜி'. அதற்குக் கீழே அதில் சுரமே கிடையாது. 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற கீபோர்ட் வோயிஸ் செலோ முதல் வயலின் வரை எல்லாவற்றையும் ஒரே கையில் அமுக்குவதால் இது நமக்கு மறந்துவிடுகிறது. கொயருக்கு நாலு குரல் பிரிக்கும்போதும் இதே சிக்கல் வரும். ஓல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடும் அக்காமாரிடம் கேட்டால் தெரியும், கீபோர்ட் பார்ட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்த ஓல்டோ ஒரே சுரத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று பாய்ந்தால் அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று.

இவ்வளவும் சொன்னதால் சாஃப்ட்வேரை மூட்டை கட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்யாண ஹோலில் மணமகனின் மாமா வந்து திடீரென்று ஒரு பழைய பாட்டைக் கேட்டால், ஸ்டைல் பட்டனை அழுத்தி வாசிப்பதுதான் தொழில். அங்கே உட்கார்ந்து பேஸ் நெய்துகொண்டிருந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். பாடகிக்குச் சுருதி எட்டவில்லை என்றால் நொடியில் இரண்டு படி இறக்கவும், கொயர் ஒத்திகைக்கு ஒவ்வொரு குரலையும் தனியாக ரெக்கோர்ட் பண்ணி வட்ஸ்அப்பில் அனுப்பவும் அதைவிட வசதியான ஒன்று இல்லை. சொல்லைக் கொடுத்தால் முழுப் பாட்டையே செய்து தரும் இன்றைய ஏஐ செயலிகளுக்கும் இதே கணக்குத்தான். விளம்பரத்துக்கு முப்பது வினாடி வேண்டுமென்றால் சரி. ஆனால் "மூன்றாவது வரியில் பேஸை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை" என்று சொல்லி விளங்கவைப்பதற்குள் நீங்களே வாசித்துவிடலாம்.

பழகும் முறைக்கு வருவோம். சாஃப்ட்வேரையே இதற்கு வாத்தியாராகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டில் பேஸை மட்டும் மியூட் செய்யுங்கள். டிரம்ஸும் கோர்ட்டும் ஓடட்டும். கீபோர்டைத் தொடாமல், உங்கள் வாயால் ஒரு பேஸைப் பாடுங்கள். இது கட்டாயம். விரலுக்குப் பழகிய வழி உண்டு, அது போன தடவை போன பாதையிலேயே போகும். வாய்க்கு அந்தப் பழக்கமில்லை. அதோடு பாடும்போது மூச்செடுத்தாக வேண்டும், அதனால் பார்ட்டில் தானாகவே இடைவெளி வரும். பாடியதை ஃபோனில் பதிந்து, பிறகு கீபோர்டில் கண்டுபிடித்து வாசியுங்கள். கடைசியில் சாஃப்ட்வேர் போட்ட பேஸைத் திறந்து, இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். சில இடத்தில் அதனுடையதுதான் நன்றாக இருக்கும். வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

இதோடு பிறர் போட்ட பேஸைக் காதால் பிடிக்கப் பழக வேண்டும். இளையராஜாவின் 80களின் பாடல்களை விட நல்ல பள்ளிக்கூடம் தமிழில் கிடையாது என்பது என் எண்ணம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பார்ட்டைத் தாளில் எழுதிக் கொடுக்கிறவர் அவர். பேஸை மட்டும் பிரித்துக் கேட்டால் அதுவே தனியொரு மெட்டாக நடக்கும். ஒரு பாட்டின் பல்லவியை மட்டும் எடுங்கள், பாதி வேகத்துக்குக் குறையுங்கள், சுரத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்க இன்றைக்கு யூடியூபிலேயே முடியும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை பஸ்ஸில் வரும் நேரத்தில் நாலு பார் பிடித்துவிடலாம். காலி வீதி நெரிசல் இருக்கும் நாளில் எட்டு.

சுரங்களை எழுதி வைக்க மியூஸ்ஸ்கோர் என்ற சாஃப்ட்வேர் இலவசம், கொயருக்குக் குரல் பிரித்துக் கொடுக்கவும் அது போதும். பதிவு செய்ய ரீப்பர் என்ற சாஃப்ட்வேரின் தனிநபர் லைசன்ஸ் 60 டாலர், ஒருமுறை கட்டினால் மாதா மாதம் கட்டத் தேவையில்லை. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு டாலரில் மாதக் கட்டணம் என்றாலே நமக்கெல்லாம் நெஞ்சு படபடக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன்.

அதே காரணத்தால் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில், கூடிய விலைப் பதிப்பை இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான். அதில் ஸ்டைல்கள் கூடுதலாக இருக்கும், வாசிப்பு இன்னும் துப்புரவாக இருக்கும், ஆனால் உங்கள் மெட்டை அதுவும் கேட்கப் போவதில்லை. அந்தக் காசுக்குக் காதை முழுதாக மூடும் ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள். நாலு தந்தி பேஸ் கிட்டாரின் அடிச்சுரம் 41 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது. லாப்டாப் ஸ்பீக்கரில் அந்தச் சுரம் அரைகுறையாகத்தான் வரும், மீதியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். இவ்வளவு நாளும் உங்கள் பாட்டின் பேஸை நீங்கள் சரியாகக் கேட்காமலே இருந்திருக்கலாம். வாங்குமுன் கடையில் போட்டுப் பாருங்கள். பேஸை ஊதிப் பெருக்கிக் காட்டும் ரகம் வேண்டாம், சுரம் சுரமாகப் பிரிந்து கேட்க வேண்டும்.